பரிசல் எண் 41, அடிப்பக்கம்

நீர்வரத்து இருபத்தெட்டாயிரம் கனஅடி.
பரிசல் இயக்கத் தடை, ஒன்பதாம் நாள்.
ஊட்டமலைத் துறையில் எல்லாப் பரிசலும் குப்புறக் கிடந்தன,
பந்தி முடிந்த வீட்டுச் சட்டிகள்போல.
இன்னும் கழுவவில்லை. கழுவியிருந்தால்
எனக்கு அங்கே வேலையில்லை.

தர்மபுரியிலிருந்து முதல் பேருந்து.
ஐஸ் பெட்டி மடியில்.
பென்னாகரத்தில் ஏறியவள் கேட்டாள்,
மீன் வாங்கவா?
மீனைவிடச் சின்னது என்றேன்.
நெத்திலியா? என்றாள்.
ஒகேனக்கல் வரை அந்தப் பேச்சை
எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.

பஞ்சுக் குச்சியைத் தாரின்மேல் ஒரு சாண் இழுத்தேன்.
பழுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத வழவழப்பு,
பாலாடை அளவுகூடத் தடிமன் இல்லை.
அதற்குள் ஓர் ஊர்.
முதலில் வந்தது ஒன்றே ஒன்றாக இருக்கும்.
இத்தனை இழுப்பில் எதைப் பிடித்ததோ,
பிடித்தது.
கை இல்லை, நகம் இல்லை,
தன் உடம்பையே பசையாகக் கசியவிட்டது.
அந்தப் பசையில் இன்னொன்று,
அதன் முதுகில் இன்னொன்று.
நடுவே தண்ணீர் போகச் சந்துகூட விட்டிருக்கிறார்கள்,
எங்கள் நகர் லே-அவுட்டில் அது கிடையாது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை.
மசாஜ் கல்லில் கவிழ்ந்து படுத்த முதுகுகள்
அருவியில் கழுவிவிட்ட நல்லெண்ணெய்,
வறுத்த மீனின் மிளகாய்ச் சிவப்பு,
ஷாம்பு பாக்கெட்டின் கடைசிச் சொட்டு,
ஆடிப் பதினெட்டு மஞ்சள்,
அப்புறம் மேலேயிருந்து வரும் எதுவோ,
எந்த நடுவர் மன்றமும் அளந்து திறக்காதது.

பச்சியப்பன் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.
நாற்பத்தொன்று அவருடையது.
"இன்னா மேடம், நோயா?"
பெரும்பாலும் இல்லை என்றேன்.
"பெரும்பாலும்னு பேப்பர்ல போட்டா
துறையை மூடிப்புடுவான்."
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.
"ரொம்பச் சொரண்டாதீங்க.
அந்த வழவழப்பு இருந்தாத்தான்
பாறைமேல ஏறி எறங்கும்.
புதுப் பரிசல் கல்லுல உரசிக் கத்தும்."

ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் இதை நான் படித்ததில்லை.
குறித்துக்கொண்டேன்.

வெயிலில் காய்ந்த இடம் செதில் செதிலாக எழும்பியிருந்தது.
செத்துவிட்டன என்று நினைக்கலாம்.
நினைப்பது நம் வசதி.
உள்ளே சுருண்டு,
ஒரு துடுப்புத் தண்ணீருக்குக் காத்திருக்கின்றன,
பச்சியப்பனைப்போலவே,
ஆட்சியரின் உத்தரவுக்கு.

மூன்றாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தேன்.
இரவில் இரண்டுமுறை மின்சாரம் போயிருந்தது.
பொருட்படுத்தவில்லை அவை.
தட்டு முழுக்க முட்டிமோதி,
விளிம்பில் இடம் தேடி.
படிவத்தில் "எண்ணிலடங்காதவை" என்று எழுதினேன்.
எண்ணுக்கான கட்டத்தில் எழுத்து வராதும்மா,
கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் உதவிப் பொறியாளர்.
பத்தில் ஒன்றாகக் கரைத்தேன்,
நூறில் ஒன்றாக,
பத்தாயிரத்தில் ஒன்றாகக் கரைத்தபோது
ஒருவழியாக எண்ண நின்றன.
அறுபத்துமூன்று.
நாயன்மார் கணக்கு என்று சிரித்தாள்
தட்டுக் கழுவும் சின்னபாப்பா.
பிறகு அவள்தான் பிளீச்சிங் ஊற்றினாள்.
விதி அப்படி.

தடை நீங்கியதாம் நேற்று.
நாற்பத்தொன்று தண்ணீரில்.

எனக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு,
ஆற்றுக் குழாய் வருவதற்குமுன்
எங்கள் போர்வெல் எழுதியவை.
இன்று விடிகாலை, பிரஷ்ஷை எடுக்குமுன்,
என்னவோ தோன்றி
அந்தக் கோடுகளை நாக்கால் தடவினேன்.
மெல்லிய வழவழப்பு.
ராத்திரியே வந்து
குடியேறியிருக்கிறார்கள்.

பேஸ்ட்டைப் பிதுக்கியபடி
கொஞ்சம் நின்றேன்.